சிவப்புத் துணி கட்டிய குச்சி

போன ஞாயிற்றுக்கிழமை வேலூரில் பெய்த மழையில் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். நான் மாட்டியது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில்.

மைத்துனரின் பியட் காரை விட்டு இறங்கினேன். மண்டபத்துப் படிக்கட்டு அங்கிருந்து முப்பது தப்படி இருக்கும். எல்லோரும் புடவையையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. விரித்திருந்த குடையை மடக்கினேன். அதன் முனையால் தண்ணீருக்குள் குத்திப் பார்த்தேன். கெட்டித் தரை. ஒரு அடி வைத்தேன். மறுபடி குத்தினேன்... இன்னொரு அடி.

"இன்னா மாமா, கொட்டுற மழையில குடைய மடக்கிட்டு புதையல் தேடுறீங்க?" என்றார் மைத்துனர்.

இது எனக்குப் பத்து வருஷப் பழக்கம். தண்ணீர் தேங்கிய இடம் எதுவானாலும் குத்திப் பார்க்காமல் கால் வைக்க மாட்டேன். லாங் பஜாரில் கணுக்கால் தண்ணீரில் இப்படி நின்று, பின்னால் வந்த கைவண்டிக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள் — அப்பா தரைக்கு ஊசி போடுகிறார்.

சிரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த மண்டபத்துக்கு நான் அதற்கு முன் போனதே கிடையாது. சொந்தக்காரர் கல்யாணமா, ஆபீஸ் நண்பர் வீட்டு ரிசப்ஷனா — பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் பார்த்ததுமே எனக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்துவிடும். என் மனைவி கிரேஸ் மட்டும் போய்வருவாள். இந்தத் தடவை கல்யாணம் அவளுடைய சொந்த அக்கா மகளுக்கு. "இதுக்கும் வயித்துவலி வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணிட்டுதான் கல்யாணத்துக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டாள். வேறு வழி?

மண்டபத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அங்கே கார் நிறுத்துமிடத்தில் விசில் ஊதிக்கொண்டு ஒருவர் நிற்பார், ரோட்டில் போகும்போது பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

அவர் பெயர் ஆரோக்கியம். ஒரு காலத்தில் காட்பாடி ஜங்ஷனில் டாக்ஸி ஓட்டியவர். அவர் ஏன் இப்போது டாக்ஸி ஓட்டுவதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் — எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்போம் — எனக்கு யார்டு சூப்பர்வைசர் வேலை. வயது இருபத்தாறு. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஷெட்டுகளுக்கு வெளியே உள்ள முற்றம், கேட், லாரி வந்து நிற்கிற இடம், ஆபீஸ் வாசல், எல்லாம் என் பொறுப்பு. மழைக்காலத்தில் யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம்.

தோல் ஷாப்புக்குள் போகாதவர்களுக்காக ஒரு விவரம். தோலில் ஒட்டியிருக்கும் மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்பும் மருந்தும் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதற்குத் தரையில் வரிசையாகக் குழிகள் இருக்கும். நெஞ்சளவு ஆழம். விளிம்பு தரையோடு தரையாக இருக்கும். சுற்றிச் சுவர் கிடையாது, இருந்தால் தோலை இழுத்துப் போட இடைஞ்சல். எங்கள் ஷாப்பில் அப்படி ஐந்து குழிகள், ஷெட்டை ஒட்டித் திறந்தவெளியில் இருந்தன.

யாராவது விழுந்தார்களா? இல்லை. வேலை செய்கிறவர்களின் காலுக்கே குழி எங்கே இருக்கிறது என்று தெரியும். தலையில் தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமலே குழிகளுக்கு நடுவில் நடப்பார்கள்.

ஆனால் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் முற்றத்தில் தண்ணீர் ஏறிவிடும். அப்போது குழி எது, தரை எது? எல்லாம் ஒரே மட்டம்.

அதற்கு எங்கள் மேஸ்திரி ரஷீத் பாய் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். புரட்டாசி பிறந்ததும் ஐந்து குழிகளின் மூலைகளிலும் மூங்கில் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். வேலை இல்லாத குழிகளின் மேல் கனமான பலகைகளைப் போட்டு மூடுவார். மூன்றாவது, பட்டை. தோல் பதனிட ஆவாரம் பட்டையை ஊறவைப்போம் இல்லையா, சாறெல்லாம் இறங்கிய பிறகு சக்கை மிஞ்சும். அதை ஈரத்தோடு அள்ளி நடைபாதையில் கொட்டுவார். ஒரு மாசம் ஆட்கள் மிதித்து மிதித்து, மழை வருவதற்குள் அது தரையோடு தரையாக இறுகிப்போகும். அப்புறம் எந்த மழையிலும் கால் வழுக்காது.

ஒரு குறை உண்டு. நாறும். ஈரப் பட்டையின் நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தோல் ஷாப்பின் மற்ற நாற்றங்கள் பரவாயில்லை என்று தோன்றவைக்கும்.

ஐப்பசி நடுவில் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மறுநாள் எங்கள் தோலை வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள். மெட்ராஸிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து மூன்று கார்களில் வருவார்கள். முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாப்பா இது, சுடுகாட்டுல கொடி நட்ட மாதிரி? வர்றவங்க இன்னா நினைப்பாங்க?"

அவர் சொன்னது அவ்வளவுதான். குச்சியைப் பிடுங்கு என்று சொல்லவில்லை. கெட்ட மனுஷரும் இல்லை. மீதியெல்லாம் என் சுறுசுறுப்பு.

அன்று சாயங்காலமே ஆட்களை விட்டு இருபது குச்சிகளையும் பிடுங்கிக் கட்டாகக் கட்டி ஷெட்டுக்குப் பின்னால் போட்டேன். கார் நிற்கிற இடத்திலிருந்து ஆபீஸ் படி வரைக்கும் சேறு... வெள்ளைக்காரர்களின் ஷூ என்ன ஆவது? பலகை வேண்டும். பலகைகள் எங்கே இருக்கின்றன? குழிகளின் மேல். எடுத்துவந்து வரிசையாகப் போட்டேன். அழகான பாதை.

கார் நிறுத்த இடம் போதவில்லை. போர்ட்டிகோவில் இரண்டு கார்தான் நிற்கும். மூன்றாவதை ஷெட்டுப் பக்கமாகத்தான் நிறுத்த வேண்டும். அங்கே தரை மழுமழுவென்று வழுக்கியது. பட்டை போடலாம் என்று நினைத்தேன். ஈரப் பட்டை நாறுமே? ஷெட்டுக்குள் பழைய சக்கை, அடுப்பெரிக்க வைத்திருந்தது, காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. நாற்றமே இல்லை. நல்ல செம்பழுப்பு நிறம். கூடை கூடையாக அள்ளி வந்து ஷெட்டு ஓரம் முழுக்கப் பரப்பச் சொன்னேன். குழிகளுக்குக் கிட்டே கொஞ்சம் தாராளமாகவே போடச் சொன்னேன். அங்கேதானே ஜாஸ்தி வழுக்குகிறது?

ரஷீத் பாய் கூடையோடு நின்றார்.

"சார், இது காஞ்ச பட்டை. நிக்காது. தண்ணி வந்தா மெதக்கும்."

"ரெண்டு மணி நேர விஷயம் பாய். வந்துட்டுப் போய்டுவாங்க."

"குச்சியாச்சும் குழிப் பக்கம் விட்டுடலாம் சார்."

"நம்ம ஆளுங்களுக்குக் குழி தெரியாதா பாய்?"

அவர் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னதிலும் தப்பில்லை பாருங்கள் — நம்ம ஆட்களுக்குத் தெரியும். அந்த முற்றத்தில் நம்ம ஆட்கள் மட்டும்தான் நடப்பார்கள் என்று எப்படி நினைத்தேன்? நானேதான் அதைக் கார் நிறுத்துமிடமாக மாற்றியிருந்தேன். கார் வந்தால் கூடவே வெளி ஆள் வருவான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி வந்து பார்த்தார். "பலே, கார்ப்பெட் விரிச்ச மாதிரி இருக்குப்பா" என்றார். அன்றைக்கு என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பதினோரு மணிக்கு மூன்று கார்களும் வந்தன. மூன்றாவது, ஆரோக்கியத்தின் டாக்ஸி. காட்பாடி ஸ்டேஷன் ஸ்டாண்டு வண்டி. நாற்பது வயதுக்காரர், காக்கிச் சட்டையைக் கழுத்து வரை பித்தான் போட்டிருந்தார். எங்களுக்கு அடிக்கடி வருகிறவர்தான், ஆனால் எப்போதும் போர்ட்டிகோவில்தான் நிறுத்துவார். ஷெட்டுப் பக்கம் வந்ததில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அதைச் சுற்றி வருவார். நான்கு டயரையும் பார்ப்பார், பின்னால் குனிந்து பார்ப்பார், அப்புறம்தான் ஏறுவார். ஸ்டாண்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்களாம், வேதக்கார ஆரோக்கியம் வண்டிக்குப் பிரதட்சணம் பண்றாரு என்று. வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர். அவர் கவலைப்பட்டதில்லை. இருபது வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அவருடைய பெருமை அது ஒன்றுதான்.

நான் குடையோடு நின்று அவருக்குக் கைகாட்டினேன். கண்ணாடியை இறக்கினார்.

"சார், இந்தப் பக்கம் தரை கெட்டியா இருக்குமா?"

"கெட்டிதான். வாங்க, வாங்க. ஒட்டி நிறுத்துங்க."

கேட்டார். நான் சொன்னேன். இதை மறந்துவிடாதீர்கள்.

விருந்தாளிகள் பலகை மேல் நடந்து ஆபீஸுக்குள் போனார்கள். ஒருவர் ஷூவிலும் சேறு படவில்லை. அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை சும்மா பெய்யுமா? முற்றத்தில் தண்ணீர் ஏறியது. ரஷீத் பாய் சொன்ன மாதிரியே காய்ந்த பட்டை மெல்ல மேலே வந்தது. மிதந்தது. தண்ணீர் போன பக்கமெல்லாம் போய், குழிகளின் மேல் பரவி, அப்படியே மூடி நின்றது. ஆபீஸ் வராந்தாவிலிருந்து பார்த்தேன். தரை எங்கும் ஒரே செம்பழுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருக்கிறதே என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

உள்ளே பேச்சு முடிந்து கிளம்பப்போகிறார்கள் என்று ஆரோக்கியத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் வண்டியை விட்டு இறங்கினார். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். முன் டயரைப் பார்த்தார். பக்கவாட்டில் வந்தார். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும், பின்னால் தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்னும் இரண்டு அடி நடந்தார்.

இரண்டாவது அடியில் ஆள் இல்லை.

கத்தக்கூட இல்லை. பட்டை விலகியது, அவர் போனார், பட்டை மறுபடி மூடிக்கொண்டது. நான் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். என்ன பார்த்தோம் என்று புரியவே எனக்கு இரண்டு மூச்சு நேரம் ஆனது.

எனக்கு முன்னால் ஷெட்டுக்குள்ளிருந்து ரஷீத் பாய் ஓடினார். விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். காக்கிச் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். ஆரோக்கியம் முகமெல்லாம் சுண்ணாம்பு, பட்டைத் துணுக்கு. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "எரியுது... கண்ணு எரியுது" என்று முனகினார்.

"காரைக் கொண்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று நான் கத்தினேன். எந்தக் காரை? போர்ட்டிகோவில் நின்ற இரண்டும் விருந்தாளிகளுக்கு, இதை ஓட்டுகிறவர்தான் கீழே கிடக்கிறாரே.

"காரு அப்புறம் சார். தண்ணி மொதல்ல" என்றார் ரஷீத் பாய்.

ஷெட்டின் ஓட்டுச் சரிவிலிருந்து மழைத் தண்ணீர் தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆரோக்கியத்தை அதற்குக் கீழே இழுத்துக்கொண்டு போனார். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் அவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, ரஷீத் பாய் தன் கட்டைவிரலால் இமைகளைப் பிரித்துக் கண்ணைத் தண்ணீருக்குக் காட்டினார். ஒரு கண், அப்புறம் இன்னொரு கண். ஆரோக்கியம் துடித்தார். "பொறு அண்ணே, பொறு. கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே விடாமல் கழுவினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். யாருக்குப் பிடித்தேன் அந்தக் குடையை?

எங்கள் லாரி டிரைவர் டாக்ஸியை எடுத்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விருந்தாளிகளுக்கு விஷயம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு ரவுண்டு டீ கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

டாக்டர் சொன்னார், உடனே கழுவியதால் ஒரு கண்ணில் பாதிப் பார்வை மிஞ்சியது, இல்லாவிட்டால் இரண்டும் போயிருக்கும் என்று. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் மங்கலாகத் தெரியும். ஆள் தெரியும், அசைவு தெரியும். எழுத்துத் தெரியாது.

டிரைவருக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

இங்கே நான் நிறுத்தியிருந்தால், இது ஒரு விபத்துக் கதை. ஐயோ பாவம் என்று நீங்களும் நானும் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், ரிப்போர்ட் வேண்டும் என்றார்.

"நீதானே யார்டு. நடந்ததை நீயே எழுதிடு. பாத்து எழுது."

பார்த்து எழுது. இந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல அகராதி வேண்டுமா?

உட்கார்ந்தேன். குச்சியைப் பிடுங்கியது யார்? நான். பலகையை எடுத்தது யார்? நான். காய்ந்த பட்டையைக் கொட்டச் சொன்னது யார், தரை கெட்டி என்று கைகாட்டியது யார்? ஒவ்வொன்றையும் எழுதினால் என் வேலை போகும். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதெல்லாம் சமாதானம். சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

ஒரே வாக்கியம் எழுதினேன். இங்கிலீஷில். 'வாடகைக் கார் டிரைவர் அனுமதியில்லாத பகுதிக்குள் கவனக்குறைவாக நடந்து சென்றதால் விபத்து நேர்ந்தது.'

கவனக்குறைவு. யாரைப் பார்த்து? வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் ஒரு நாளும் எடுக்காத ஆளைப் பார்த்து. அன்றைக்கு அவர் மற்ற டிரைவர்களைப் போல ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்திருந்தால், டயர்தான் குழியில் இறங்கியிருக்கும். கவனமாக இருந்ததால்தான் அவர் விழுந்தார்.

சாட்சிக் கையெழுத்துக்கு ரஷீத் பாயைக் கூப்பிட்டேன். அவருக்கு உருது மட்டும்தான் எழுதப் படிக்க வரும். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா எழுதியிருக்கு சார்?"

"நடந்ததுதான் பாய்."

கையெழுத்துப் போட்டார். என்னை நம்பிப் போட்டார்.

நான்கு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த வாக்கியத்தை உரக்கப் படித்து, அதைத் தமிழிலும் சொல்லி, சரிதானா என்று ரஷீத் பாயிடமே கேட்டார். முதலாளி நின்றிருந்தார். நான் நின்றிருந்தேன். ரஷீத் பாய் என் முகத்தையே பார்த்தார். ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன், அவரால் என்ன சொல்ல முடியும்? தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த புரட்டாசியில் குச்சிகளை அவரே நட்டார். என்னைக் கேட்கவில்லை. நானும் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. வேலையை விட்டேன், பத்திரிகையில் எழுத வந்தேன், உங்களுக்கு வாராவாரம் புத்தி சொல்கிற ஆளாகிவிட்டேன்.

இந்தப் பத்தியில் எத்தனை தடவை மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஐப்பசி வருஷா வருஷம் வருகிறது, வருஷா வருஷம் 'எதிர்பாராத மழை' என்கிறார்கள் என்று கிண்டல் செய்திருக்கிறேன். சினிமா தியேட்டர் வாசலில் சாக்கடை மேல் சாக்கு விரிக்கிறார்களே, நியாயமா என்று கேட்டிருக்கிறேன். மழைக்கு முன்னேற்பாடு என்று நாம் செய்வதில் பாதி, மழை வந்ததை விருந்தாளி கண்ணுக்கு மறைப்பதற்குத்தான். யாருடைய ஷூவுக்காகப் பலகையை எடுத்தோம், யாருடைய காலுக்கு அடியிலிருந்து எடுத்தோம்? மற்றவர்களைக் கேட்பது சுலபமாக இருந்தது.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

குடையால் குத்திக்கொண்டே பத்துத் தப்படி வந்திருப்பேன். மண்டபத்துக்கும் கார்களுக்கும் நடுவில் ஒரு சாக்கடை ஓடுகிறது. மழையில் அது நிரம்பி, தரையும் அதுவும் ஒன்றாகத் தெரிந்தது. நின்றேன். குனிந்து பார்த்தேன்.

சாக்கடையின் இரண்டு கரையிலும் வரிசையாக மூங்கில் குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி.

விசில் சத்தம் கேட்டது.

"சார், அப்படியே நில்லுங்க. அந்தப் பக்கம் வேணாம். நான் வர்றேன்."

கையில் ஒரு கம்போடு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இடது கண் வெள்ளையாக இருந்தது. கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"இங்க பாத்து வரணும் சார். எடது காலு எடுத்து வைங்க. ஆங்."

"தாங்க்ஸ்ப்பா" என்றேன். என் குரலை அடையாளம் காண அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கை நின்றது.

"யார்டு சாரா? ஆம்பூரு ஷாப்பு?"

இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்தேன், மறைக்கவில்லை. "ஆமாம் ஆரோக்கியம்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. மழையில் நனைந்துகொண்டே பேசினார். சம்சாரம் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினாளாம். மகள் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டாளாம். மண்டபத்து ஓனரிடம் மழைக்காலத்தில் குச்சி நட விட்டால்தான் வேலைக்கு வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். "பாக்க நல்லா இல்லன்னாரு சார். விழுந்தா இன்னும் நல்லா இருக்காதுன்னேன்" என்றார்.

நான் கிளம்பப் பார்த்தேன். கையை விடவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க அங்கதானே இருந்தீங்க. நான் கவனக்குறைவா நடந்தேன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டாங்களாம். டாக்ஸி ஓனரு சொன்னாரு. ஸ்டாண்டு பூரா அதான் பேச்சு. கண்ணு போனது போச்சு சார், அது என் தலையெழுத்து. ஆனா நான் கவனக்குறைவான ஆளா? நீங்க சொல்லுங்க. யாரு சார் அப்படி எழுதுனது?"

மழை பெய்துகொண்டிருந்தது. கிரேஸ் படியில் நின்று கையசைத்தாள்.

"தெரியலையே ஆரோக்கியம்" என்றேன்.

"போவட்டும் சார்" என்றார். "நீங்க இன்னா பண்ணுவீங்க." என்னைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். ஒரு இடத்தில்கூட என் கால் தடுக்கவில்லை. திரும்பும்போது சொன்னார், "உங்க பத்திய எம்பொண்ணு வாராவாரம் படிச்சுக் காட்டும் சார். நம்ம யார்டு சாரு எழுதுறதுன்னு நான்தான் அதுக்குச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. அவள் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லி இன்னாங்க பிரயோஜனம்?" என்றாள்.

அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்கிறேன். உங்களிடமும் இல்லை.

ஆரோக்கியத்தின் மகளே, இதுவரைக்கும் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருப்பாய். அடுத்த வரியைக் கொஞ்சம் நிதானமாக, உரக்கப் படியம்மா.

அந்த வார்த்தையை எழுதியது நான்தான், ஆரோக்கியம்.